பகைவரின் மரணமும் போர் நூதனசாலையும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து

போர் நூதனசாலை எதைக் காட்டக் கடமைப்பட்டது என்பது முதலில் ஓர் அறக் கேள்வி. இன்னும் ஆழத்தில் அது சமயக் கேள்வியும் ஆகும். அங்கே வைக்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை மனிதரைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டவை. பல கொன்றும் இருக்கின்றன. பீரங்கிக்குப் பக்கத்தில் அதன் எடை, குழாயின் விட்டம், குண்டு போய் விழும் தூரம், செய்த நாடு, ஆண்டு எல்லாம் எழுதப்படும். அதனால் இறந்தவர் யார் என்று எழுதப்படுவது அரிது. இறந்தவர் தம் பக்கத்தவர் என்றால் வேறோர் இடத்தில் அவருக்குத் தூணும் மலர்வளையமும் கிடைக்கும். எதிர்ப்பக்கத்தவர் என்றால் எங்குமே இடமில்லை. பகைவரின் மரணத்தையும் நினைவுகூரும் கடமை உண்டா, உண்டென்றால் அது எதுவரை செல்லும் என்ற கேள்வியை ஆராய்வதற்குத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியைவிடப் பொருத்தமான களம் இலங்கையில் இல்லை.

நான்கு நூற்றாண்டுகளாக அந்தத் துறைமுகத்துக்காகப் படைகள் மோதியுள்ளன. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து, 1624இல் அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1782 என்ற ஒரே ஆண்டில் பிரித்தானியரும் பின்னர் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறி அதைக் கைப்பற்றினர். 1795இல் பிரித்தானியர் மீண்டும் வந்து நிலைத்தனர். 1803இல் கோட்டைக்குப் பிரட்றிக் என்று பெயர் வைத்தனர். 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த உள்நாட்டுப் போரும் இந்தக் கரையைத் தொட்டது. 1995 ஏப்ரல் 19இல் விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகள் துறைமுகத்துக்குள் நுழைந்து இரண்டு கடற்படைக் கப்பல்களைத் தகர்த்தபோது, போரின் மூன்றாம் கட்டம் அங்கிருந்துதான் மூண்டது.

இந்த வரலாற்றைக் காட்டும் இடங்கள் துறைமுகத்தைச் சுற்றிச் சில உள்ளன. அவற்றின் கட்டடங்கள் பெரும்பாலும் வேறு வேலைக்காக எழுந்தவை. உட்துறைமுக வீதியில் ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளரின் இல்லம் நெதர்லாந்தின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டுக் கடல்சார் வரலாற்று நூதனசாலையாகியிருக்கிறது. டொக்யாட் எனப்படும் கடற்படைத் தளத்துக்குள், ஒஸ்டன்பேர்க் மேட்டின் உச்சியில், கரையோரப் பீரங்கிகளுக்கு இலக்குச் சொல்லும் காவற்கோபுரமாக இருந்தது ஹூட்ஸ் டவர். பழைய ஆறு அங்குலப் பீரங்கிகளும் வெடிமருந்து அறைகளும் அங்கே அப்படியே பேணப்பட்டுள்ளன. கடற்புலிகளிடம் கைப்பற்றிய ஆயுதங்களும் வைக்கப்பட்டுள்ளன. உவர்மலையில் இராணுவத்தின் நூதனசாலை இருக்கிறது. அதன் மையப் பொருள் உள்நாட்டுப் போரின் ஆயுதங்கள். கோபுரத்தையும் உவர்மலைக் கூடத்தையும் நடத்துவது அந்தப் போரில் பங்கெடுத்த படைகளே. தாம் பட்ட பாட்டையும் இழந்த தோழரையும் படைகள் நினைவில் வைக்க விரும்புவது இயல்பு. அதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் ஒரு மாவட்டத்தின் போர்வரலாறு முழுவதையும் ஒரு தரப்பின் ஆயுதக்கிடங்கு சொல்லிவிட முடியாது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாகப் பேசக்கூடிய இடம் இன்னும் நூதனசாலை ஆகவில்லை. அது சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள். நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய பிரித்தானியக் கடற்படைக்காக முதலாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் காட்டை வெட்டி ஏறத்தாழ நூறு குதங்கள் எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் 10,000 தொன்னுக்கு மேல் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 காலை நகுமோ தலைமையிலான யப்பானியக் கப்பற்படையின் விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. ஒரு விமானம் 91ஆம் இலக்கக் குதத்தில் மோதியது. தீ ஏழு நாள் எரிந்ததாகச் சொல்லப்படுகிறது. வெப்பத்தில் குழைந்து மடிந்த இரும்புச் சுவரின் எச்சம் இன்றும் அங்கே கிடக்கிறது. அதே நாளில், முந்திய இரவு திருகோணமலையை விட்டுப் புறப்பட்டிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு 307 பேர் இறந்தனர்.

போர் எத்தகைய தொழில் என்பதை இந்தக் குதம் காட்டுவதுபோல எந்தப் பீரங்கியும் காட்டாது. துப்பாக்கி ஒரு வீரனின் கையை நினைவூட்டும். குதமோ கணக்குப்பிள்ளை, குழாய் பொருத்துபவர், வண்டியோட்டி, கூலியாள் என்று போருக்கு உழைத்த எல்லோரையும் நினைவூட்டுகிறது. தொழிற்கட்டடம் ஒன்றைப் போர் நூதனசாலையாக மாற்றும்போது உள்ள பெரிய வாய்ப்பும் இதுவே: வீரத்தின் கதைக்குப் பின்னால் மறைந்துபோகும் உழைப்பையும், போருக்கு எந்த முடிவும் எடுக்காமல் அதில் இறந்தவர்களையும் கட்டடமே முன்னிறுத்தும். 91ஆம் குதத்தோடு முடிந்தவர்களில் யப்பானிய விமானிகளும் அடங்குவர். அவர்கள் அன்று இந்த ஊரின் பகைவர். இன்று அவர்களுக்காக ஓர் ஊதுபத்தி கொளுத்தினால் ஊரில் எவரும் கோபிக்கப்போவதில்லை. பகைமை காலத்தால் ஆறக்கூடியது என்றால், ஆறிய பின்புதான் மரியாதை செலுத்த வேண்டுமா, அல்லது மரியாதை செலுத்துவதே ஆற்றும் வழியா என்பது அடுத்த கேள்வி.

தமிழ் மரபு இதற்குத் தரும் விடை ஒன்றல்ல. தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளாக வகுக்கிறது. அந்தக் கல் தம் பக்கத்து வீரனுக்கே நின்றது. கலிங்கத்துப் பரணியில் தோற்றவரின் உடல்கள் பேய்களுக்குக் கூழாகின்றன. வென்ற பக்கத்தின் களிப்பு மட்டுமே அங்கு ஒலிக்கிறது. ஆனால் அதே மரபில் புறநானூற்றின் 62, 63ஆம் பாடல்களும் இருக்கின்றன. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒரே களத்தில் வீழ்ந்தபோது கழாத்தலையாரும் பரணரும் ஒருவருக்காக அழுது மற்றவரை விடவில்லை. இருவருக்காகவும், பாழான களத்துக்காகவும், இரு நாட்டுக் குடிகளுக்காகவும் பாடினார்கள். வெற்றி என்ற ஒன்றே அங்கு எஞ்சவில்லை என்பதை அவர்கள் கண்டார்கள்.

வழிபாட்டு மரபில் விடை இன்னும் தெளிவு. பாரதப் போர் முடிந்தபின் தருமன் இரு பக்கத்தும் இறந்தவர்களுக்கும் நீர்க்கடன் செய்கிறான். எதிர்ப்படையில் நின்று வீழ்ந்த கர்ணன் தன் மூத்தவன் என்று குந்தி சொல்வது அந்த வேளையில்தான். அந்தக் காட்சி வலியுறுத்துவது ஒன்று: கொன்றபோது பகைவன் யார் என்று கொன்றவனுக்கு முழுதும் தெரிவதில்லை. தர்ப்பணச் சடங்கில் உறவினரல்லாதோருக்கும், நீர்க்கடன் செய்ய ஆளில்லாது போனவர்களுக்கும் நீர் விடும் பகுதி உண்டு. திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்ததற்காக அவை உண்டாயின என்பது தலக்கதை. தலைமுறை தலைமுறையாகச் சைவக் குடும்பங்கள் அங்கே அந்தியேட்டிக் கிரியை செய்துவந்தன. மற்றோர் இதிகாசத்தில் தோற்றவனும் கொடியவனுமாக நிற்கும் ஒருவன், இங்கே தாயை இழந்த மகனாக நினைக்கப்படுகிறான். தோற்றவனின் துக்கத்துக்கும் நிலத்தில் ஓரிடம் வேண்டும் என்பதை இந்த ஊர் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

பௌத்த மரபிலும் இரண்டு குரல்கள் கேட்கின்றன. இரண்டும் மகாவம்சத்தின் ஒரே அத்தியாயத்தில் இருக்கின்றன. எல்லாளனைப் போரில் கொன்ற துட்டகாமினி அவனுக்கு ஈமக்கிரியை செய்து நினைவிடம் எழுப்பி, அதை எல்லோரும் வணங்கவேண்டும் என்று ஆணையிட்டான். பிற்கால மன்னர்களும் அவ்விடத்தைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்தினர் என்கிறது அந்நூல். எல்லாளன் சமாதி என்று நெடுங்காலம் கருதப்பட்ட மேட்டை 20ஆம் நூற்றாண்டுத் தொல்லியலாளர் தக்கிண தூபி என்று அடையாளம் கண்டனர். மேடு எதுவாயினும், வென்றவன் தன் தலைநகரில் பகைவனுக்கு வணக்கம் விதித்தான் என்ற நினைவு சிங்கள வரலாற்றின் நடுவிலேயே பதிந்திருக்கிறது. ஆனால் அதே கதையில், இத்தனை பேரைக் கொன்றேனே என்று துட்டகாமினி வருந்தியபோது எட்டு அரகந்தர்கள் வந்து, கொல்லப்பட்டவர்களில் மனிதர் என்று எண்ணத்தக்கவர் ஒன்றரைப் பேரே என்று ஆறுதல் சொல்கிறார்கள். முழுவதாக எண்ணப்பட்டவன் மும்மணிகளைச் சரணடைந்தவன். பாதியாக எண்ணப்பட்டவன் ஐந்து சீலங்களை ஏற்றவன். மற்றவர் விலங்குக்கு ஒப்பானவர். எல்லா உயிர்கள்மீதும் மைத்திரி பாராட்டச் சொன்ன புத்தரின் போதனையோடு இந்த ஆறுதலை எப்படியும் பொருத்த முடியாது. இலங்கையின் போர் நினைவுகள் அனைத்தும் இந்த இரண்டு கதைகளுக்கு நடுவில்தான் நிற்கின்றன. நினைவிடத்தைப் பின்பற்றுவோரும் உண்டு. ஒன்றரைக் கணக்கைப் பின்பற்றுவோரும் உண்டு.

அசோகனின் கலிங்கக் கல்வெட்டு இங்கே ஒரு கூடுதல் எச்சரிக்கை. கலிங்கத்தில் ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர் என்று எண்ணிச் சொல்லி வருந்தும் 13ஆம் பாறைக் கல்வெட்டு, பேரரசின் மற்றப் பகுதிகளில் பொறிக்கப்பட்டது. கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அது இல்லை. அதற்குப் பதிலாக வேறு கட்டளைகள் இருக்கின்றன. வருத்தத்தைத் தொலைவில் இருப்பவர்களுக்குச் சொல்வது எளிது. அதைக் கேட்க உரியவர்களின் ஊரில் சொல்வது கடினம். அரசுகளின் நினைவு எங்கே தயங்கும் என்பதை 2,200 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பாறைகள் காட்டிவிட்டன.

முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இம்மாவட்டத்தின் போரில் நிறைய இழந்தவர்கள். அவர்களின் மரபுகளும் தம்மவரல்லாத இறந்தோரையும் மதிக்கச் சொல்கின்றன. ஒரு யூதரின் பிரேதம் கடந்து சென்றபோது நபிகள் நாயகம் எழுந்து நின்றதாக ஹதீஸ் உண்டு. கத்தோலிக்கர் நவம்பர் 2இல் இறந்த எல்லா ஆத்துமாக்களுக்காகவும் மன்றாடுகிறார்கள்.

இத்தனை மரபுகள் ஒரு திசையைக் காட்டும்போதும் நடைமுறை ஏன் எதிர்த்திசையில் போகிறது? வென்ற பக்கத்துக்கு வெற்றிச்சின்னம் தேவைப்படுகிறது என்பது வெளிப்படையான காரணம். சைவ சித்தாந்தத்தின் மொழியில் சொன்னால், உயிரை மறைத்து நிற்கும் ஆணவ மலத்துக்குத் தான் செய்ததைத் தானே பார்த்து மகிழும் காட்சிபோல் இரை வேறில்லை. ஆனால் காரணம் அதோடு முடிவதில்லை. எதிர்வாதங்களில் சில உண்மையான வேதனையிலிருந்து வருபவை. அவற்றைத் தள்ளிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

முதலாவது, இழந்தவர்களின் வாதம். 2006 ஒக்டோபர் 16இல் ஹபரணைக்கு அருகே திகம்பதகவில் கடற்படையினரின் பேருந்துகள் மீது நடந்த தற்கொலைத் தாக்குதலில் ஏறத்தாழ நூறு பேர் இறந்தனர். அவர்களில் பலர் திருகோணமலையில் வேலை முடித்து விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். 1995 மே மாதம் கல்லராவ மீனவக் கிராமத்தில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்ட 42 சிங்களவர்களில் குழந்தைகளும் இருந்தனர். இவர்களின் தாய்மாரிடம், கொன்றவர்களையும் நினையுங்கள் என்று கேட்பது கொடுமை எனலாம். கேட்பது தாய்மாரிடம் என்றால் அது கொடுமையேதான். மன்னிப்பது அவர்களின் உரிமை. மற்ற எவருக்கும் அதில் அதிகாரமில்லை. ஆனால் நூதனசாலை பொது நிறுவனம். நூதனசாலையிடம் மன்னிப்பை எதிர்பார்ப்பதில்லை. நடந்ததை முழுதாகச் சொல்லும்படிதான் கேட்கிறோம். அப்படிச் சொன்னால் கல்லராவவும் அங்கே இருக்கும். 1996 பெப்ரவரி 11இல் குமாரபுரத்தில் இராணுவத்தினரால் கொல்லப்பட்ட தமிழ்க் கிராமத்தவரும் இருப்பார்கள். 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவரும், அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட 17 உதவிப் பணியாளரும், மூதூரை விட்டுப் பிள்ளைகளோடு ஓடிய முஸ்லிம் குடும்பங்களும் இருப்பார்கள்.

இரண்டாவது, சமப்படுத்தல் பற்றிய அச்சம். பகைவரின் பெயரை எழுதினால் அவர்களின் நோக்கத்தையும் வழிமுறையையும் ஏற்றதாகிவிடும் என்பது அது. துக்கமும் போற்றுதலும் வேறுவேறு என்பதே இதற்கு விடை. இறந்தான் என்று எழுதுவது துக்கம். வீரன் என்று எழுதுவது தீர்ப்பு. தோக்கியோவின் யசுகுனி ஆலயத்தில் 1978இல் முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் 14 பேர் மற்றைய இறந்தவர்களோடு தெய்வமாகச் சேர்க்கப்பட்டார்கள்; பக்கத்திலேயே அவ்வாலயத்தின் போர் நூதனசாலை இயங்குகிறது. துக்கம் போற்றுதலாக மாறியதால் அது அண்டை நாடுகளின் ஆறாத புண்ணாயிற்று. தமிழ்த் தரப்பும் இந்த உரைகல்லுக்குத் தப்ப முடியாது. விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லங்கள் தம் போராளிகளுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. 1986இல் அவர்களால் கொல்லப்பட்ட டெலோ இயக்கத்து இளைஞர்களுக்கும், அவர்கள் கொன்ற சிங்கள, முஸ்லிம் கிராமத்தவருக்கும் அங்கே ஒரு சொல்லும் இருந்ததில்லை. அது பெருங்குறை. அதே வேளை, போரின் முடிவுக்குப் பின் அந்தக் கல்லறைகளை இடித்ததும், யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அந்த மண்மேலேயே படைத் தலைமையகம் எழுப்பியதும் எந்தப் போர்த்தேவையாலும் நியாயப்படுத்த முடியாத செயல். புதைக்கப்பட்டவர் யாரையும் அச்சுறுத்துவதில்லை. அவரைத் தேடி அழ வருபவர் இலங்கையின் குடிமகள்.

மூன்றாவது வாதம் மறதியின் பக்கம் நிற்பது. கி.மு. 403இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது ஏதென்சு மக்கள் பழைய தீமைகளை நினைவில் வைத்துப் பழிவாங்குவதில்லை என்று சத்தியம் செய்தனர். தேசம் என்பது பலவற்றை மறப்பதால்தான் நிலைக்கிறது என்று 1882இல் எர்னெஸ்ட் ரெனான் வாதிட்டார். மறதி சில வேளை மருந்தாகலாம். ஆனால் ஏதென்சின் சத்தியம் இரு பக்கத்தையும் கட்டியது. ஒரு பக்கம் தன் ஆயுதங்களுக்குக் கூடம் அமைத்து, மறு பக்கத்தை மட்டும் மறக்கச் சொல்வது அந்த மருந்தல்ல.

நடைமுறையில் இது முடியுமா என்பதற்கு வெளிநாடுகளில் முன்மாதிரிகள் உண்டு. அவை குறையற்றவை அல்ல. 1995இல் ஒக்கினாவாவில் திறக்கப்பட்ட அமைதி நினைவகத்தில், போரில் இறந்த யப்பானியர், அமெரிக்கர், கொரியர் என்ற வேறுபாடின்றி 2,40,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தம்மை வலிந்து இழுத்துச் சென்றவர்களோடு தம் உறவினரின் பெயர் நிற்பதைச் சில கொரியக் குடும்பங்கள் மறுத்தன. அந்த மறுப்பும் நியாயமே. ஹிரோஷிமாவில் எஞ்சி நிற்கும் அணுகுண்டுக் குவிமாடம் ஒரு காலத்தில் கைத்தொழில் மேம்பாட்டு மண்டபமாக இருந்தது. அந்நகரின் நூதனசாலை, ஹிரோஷிமா படைத்தள நகராக இருந்ததையும் 1994இல் தன் காட்சியில் சேர்த்தது. கொரியப் பலிகளுக்கான கல் 1999இல்தான் நினைவுப் பூங்காவுக்குள் இடம்பெற்றது. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் இறந்தோர் எல்லோரும் சமம் என்ற கொள்கையில் பிறந்தது. திருகோணமலையின் நிலாவெளி வீதிக் கல்லறை அதன் பராமரிப்பில் இருப்பதே. ஆயினும் ஆசிய, ஆபிரிக்கப் படையினர் பலருக்கு அச்சமத்துவம் கிடைக்கவில்லை என்று அந்த ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது. ஒவ்வொன்றிலும் கணக்கு பின்னர் திருத்தப்பட்டது. திருத்த முடிந்தது, அங்கே பெயர்களை எண்ணும் வழக்கம் தொடங்கியிருந்ததால்.

இலங்கையிலும் வழி சொல்லப்படாமல் இல்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தந்த அறிக்கையில், தேசிய தினத்தில் போரின் பலிகள் எல்லோருக்காகவும் தனியான நிகழ்வொன்றை நடத்தும்படி பரிந்துரைத்தது. 2015இல் மே மாத வெற்றிவிழா நினைவுநாள் என்று பெயர் மாறியது. பெயர் மாற்றம் நூதனசாலைகளின் சுவருக்கும் வந்து சேரவேண்டும்.

தொடங்குவதற்குச் சீனன்குடாவே தக்க இடம். 91ஆம் குதத்தருகே, 1942 ஏப்ரல் 9இல் இறந்த மாலுமிகள், துறைமுகக் கூலியாட்கள், யப்பானிய விமானிகள் ஆகியோரின் பெயர்களைத் தேடி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே பலகையில் எழுதலாம். அந்தப் பெயர்களில் எதுவும் இன்றைய அரசியலில் எவருக்கும் இடைஞ்சலாகாது. அந்தப் பழக்கம் கைவந்தபின் அதே முறையை ஹூட்ஸ் டவருக்கும் உவர்மலைக்கும் கொண்டுசெல்ல வேண்டும்: ஒவ்வோர் ஆயுதத்தின் கீழும் அது எங்கே, எப்போது, யார்மீது பயன்பட்டது என்பதும், தெரிந்தவரையில் இறந்தவர் பெயரும். இதைச் செய்யும் அதிகாரம் கடற்படையிடமும் இராணுவத்திடமும் தொல்பொருள் திணைக்களத்திடமும் இருக்கிறது. பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் மாவட்டத்தின் மூன்று சமூகத்துக் குடும்பங்களிலும் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.